மேப்பிள் நிழலில் மூவிலை

தகப்பனும் மகனும் வெளிக்கிட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது நகுலேஸ்வரி இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தால் முதலில் வாகனங்களின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு கணவர் குணரத்தினத்தின் குரல். "எல்லாம் முடிஞ்சுது. பெற்றோல் அடிக்க நிப்பாட்டினனான். இன்னும் ரெண்டு மணித்தியாலம் பிடிக்கும்." அவள் ஓம் என்றாள். அவர் போனை வைக்கவில்லை. "முன்னுக்கு இரடா எண்டு கதவையும் திறந்து விட்டனான். அவன் தன்ரபாட்டிலை போய்ப் பின்னுக்கு ஏறி இருக்கிறான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கதைக்கிறீரோ? குடுக்கட்டோ?" என்றார். "வேண்டாம். வந்தாப்பிறகு கதைப்பம். கவனமாய் ஓடிக்கொண்டு வாங்கோ." போன் ஓய்ந்த பிறகும் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பின் இருக்கையில் அவன் எந்தப் பக்கம் இருக்கிறான், பெல்ட் போட்டிருக்கிறானா, கைகளை எங்கே வைத்திருக்கிறான். கைகளை மடியில் வைத்திருப்பான். சிறையிலிருந்து கொண்டுபோகும்போதும் கொண்டுவரும்போதும் பின்னுக்குத்தான் இருத்துவார்கள், கைகளை மடியில் வைத்தபடி. துவாரகன் அவர்களுடைய ஒரே பிள்ளை. பத்தொன்பது வயதில், ஒரு கடைக்குப் பின்னால் நடந்த சண்டையில், இன்னொரு தமிழ்ப் பெடியனைக் கத்தியால் குத்தினான். பெடியன் செத்துப்போனான். இன்றைக்குத் துவாரகன் பரோலில் வீட்டுக்கு வருகிறான். அவன் ஒருநாளும் காணாத ஒரு வீட்டுக்கு.

சமையல் முடிந்துவிட்டது. கட்டில் விரித்தாயிற்று. குளியலறையில் புதுத் துவாய், புதுப் பல்துலக்கி, பிளேடு இல்லாத ஷேவர். அந்த மின்சார ஷேவரை வாங்கியது அவள்தான். கடையில் பிளேடுகள் தொங்கிய வரிசையைத் தாண்டிப் போய் அதை எடுத்தபோது தான் என்ன நினைத்தாள் என்பதை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. இனிச் செய்ய ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் நின்றால் மணிக்கூட்டைப் பார்க்கத்தான் வேண்டும். கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, காருக்குள்ளிருந்து கழித்த பழைய ரப்பர் விரிப்பையும் எடுத்துக்கொண்டு, பின்வளவுக்கு இறங்கினாள். சித்திரை கழிகிற நேரம். முன்பக்கத்தில் வெயில் அடித்தது. பின்னுக்கு இன்னும் மாரிக்குளிரின் மிச்சம் கிடந்தது. வீட்டின் வடக்குச் சுவரும் உயரமான பலகை வேலியும் பெரிய மேப்பிள் மரமும் சேர்ந்து அந்தத் துண்டு நிலத்தை வருசம் முழுக்க இருட்டில் வைத்திருந்தன. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் குணரத்தினம் அங்கே கத்தரி வைத்துப் பார்த்தார், பயித்தை போட்டுப் பார்த்தார். எல்லாம் வெளிறி நீண்டு விழுந்தன. பிறகு அவர் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். கோடையில் அங்கே பாகல் பந்தலும் பூசணியும் போட்டால் தெருவில் போகிற தமிழ்ச் சனம் நின்று பார்க்கும். பாகலைப் பற்றிக் கேட்கும், ஊரைப் பற்றிக் கேட்கும், மூன்றாவதாய் நாலாவதாய் அந்தக் கேள்விக்கு வரும்: உங்களுக்கு எத்தினை பிள்ளையள்? அவர் ஒரு பெடியன், வெளியிலை படிக்கிறான் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார். அவளுக்கு அது வராது. அவள் பின்பக்க இருட்டை எடுத்துக்கொண்டாள். அங்கே ஆரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

விரிப்பைப் போட்டு முழங்காலில் இருந்தாள். போன வருசத்து மேப்பிள் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஊறி, நனைந்த காகிதம்போல ஒட்டிக் கிடந்தன. இலைவாரி போட்டு இழுக்கக்கூடாது. கீழே முளைத்து நிற்பது முறிந்துவிடும். விரலால் ஒவ்வொன்றாய்த் தூக்க வேண்டும். தூக்கத் தூக்க அந்த மணம் வந்தது, புளித்த தேயிலைச் சக்கை மணம், அதற்குள் இன்னொரு மணம், ஊர்க் கிணற்றடி மணம் என்று சொல்லலாம், சொல்லவேண்டாம், அந்தப் பக்கம் இன்றைக்குப் போகக்கூடாது. இலைக்குக் கீழே மண் குளிர்ந்தது. விரல் நுனி மரத்தது. நாலு இலை தூக்கியதும் முதலாவது செடி தெரிந்தது: ஒரு தண்டு, உச்சியில் மூன்று இலை, வட்டமாய், விரித்த விசிறிபோல. ட்ரில்லியம் என்று அதற்குப் பெயர். இந்த மாகாணத்தின் பூ. அரசாங்கக் கட்டடங்களின் வாசலில் அதன் உருவம் இருக்கும். அவளுக்குத் தன் வாய்க்குள் அது மூவிலை. மூன்று இலை, மூன்று புறவிதழ், பூத்தால் மூன்று இதழ். நூலகத்துக்கு முன்னால் செடி விற்ற ஒரு சனிக்கிழமை, தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவன் அவளிடம் கேட்டான், உன்னுடைய நிலத்துக்கு எவ்வளவு வெயில் வரும் என்று. வெயில் இல்லை என்று சொன்னாள். அப்படியென்றால் இது என்று சின்னச் சட்டி ஒன்றைத் தூக்கிக் கொடுத்தான். அதில் ஒரே ஒரு இலை. காட்டு மரங்களின் கீழே வளர்வதாம். மரம் இலை விடுவதற்கு முன்னம் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் அவசரமாய் எழும்பிப் பூத்து, கோடை நடுவில் ஒன்றுமே இல்லாமல் மண்ணுக்குள் போய்விடுமாம். பூ எப்போது வரும் என்று கேட்டாள். விதையிலிருந்து ஏழு வருசம், சிலநேரம் கூடவும் பிடிக்கும் என்றான். அதைச் சொல்லும்போது ஆட்கள் வழமையாய்ச் சட்டியைத் திரும்ப வைத்துவிடுவார்கள் போலிருக்கிறது, அவன் கையை நீட்டிக்கொண்டு காத்து நின்றான். அவள் திரும்ப வைக்கவில்லை. அந்தக் கிழமைதான் நீதிமன்றத்தில் தண்டனைக் காலத்தைச் சொல்லியிருந்தார்கள். இரண்டு கணக்கும் ஏறத்தாழ ஒன்றாய் வந்தன. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வீட்டுக்கு வந்தாள். ஆருக்கும் சொல்லவில்லை. சொன்னால் நேர்த்திக்கடன்போல இருந்திருக்கும். நேர்த்தி இல்லை. எதையாவது எண்ணிக்கொண்டிருக்க ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நீதிமன்றத்தில் அவளுக்காக வந்த மொழிபெயர்ப்பாளர் பருத்தித்துறைப் பக்கத்து மனிதர், பழைய தமிழ். கொலை இல்லையம்மா, கைமோசக் கொலை எண்டு ஒத்துக்கொண்டிருக்கினம் என்றார். அதைக் கேட்டபோது நெஞ்சுப் பாரம் ஒருகணம் இறங்கியது. கைமோசம். கை மோசம் போய்விட்டது. தேங்காய் திருவும்போது கை மோசம் போகும். கண்ணாடித் தம்ளரைக் கழுவும்போது கை மோசம் போகும். அவள் அந்தச் சொல்லைப் பல நாள் வாயில் வைத்துக்கொண்டு திரிந்தாள், மாத்திரையை நாக்கின் கீழ் வைப்பதுபோல. பிறகு ஒருநாள் அது கரைந்து உள்ளே இருந்தது கசந்தது. கை மோசம் போனால் கை ஒருதரம்தான் வழுக்கும். சஜீபனுக்கு இரண்டு காயம். சஜீபன். பெயரைச் சொல்லிப் பழகவேண்டும் என்று எப்போதோ முடிவெடுத்திருந்தாள், அந்தப் பெடியன் என்று சொன்னால் அவன் ஆரோ ஆகிவிடுகிறான். சஜீபன் துவாரகனோடு ஆறாம் வகுப்பில் ஒரே மேசையில் இருந்தவன், ஒருதரம் வீட்டுக்கு வந்து மிக்சர் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைத்தவன். அப்படிக் கழுவி வைத்தவனா, அல்லது அது வேறு ஆரோ ஒரு பிள்ளையா, அவளுக்கு இப்போது நிச்சயம் இல்லை. அவன் செத்தபிறகு தான்தான் நினைப்பில் அவனுக்கு அந்தக் கோப்பையைக் கொடுத்திருக்கிறாளோ. இரண்டாவது இலைக் கும்பலைத் தூக்கினாள். இதற்குக் கீழே பிள்ளைச் செடிகள். பிந்திய வருசங்களில் அந்தக் கிழவனிடம் இன்னும் சில சட்டியும் கொஞ்ச விதையும் வாங்கியிருந்தாள். அந்த விதையை எறும்புகள் இழுத்துக்கொண்டுபோய் அங்கே இங்கே விடும், அதில் முளைத்தவை, ஒவ்வொன்றும் ஒற்றை இலை. முதல் வருசம் முழுக்க மேலே ஒன்றும் தெரியாது. வேர் மட்டும் கீழே தனக்கு இடம் பார்க்கும். இல்லை என்று நினைத்து மண்ணைக் கொத்தினால் போச்சு.

அன்றைக்கு அவன் சாப்பிட்டான். இந்த நினைப்பு வரும் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு மூலையில் அது நிற்கும், அவள் சுற்றிக்கொண்டு போவாள், இன்றைக்கு அவளே தேடிப்போய் முட்டிக்கொண்டாள். கோடை மாலை, வெளியில் இன்னும் நல்ல வெயில். துவாரகன் உள்ளே வந்தான். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காய் வைத்தான். குசினிக் குழாயில் கைகழுவினான், சவர்க்காரம் போட்டு, கனநேரம். புட்டும் மீன்குழம்பும் வைத்திருந்தாள். சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக் கொடுத்தாள். சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் குழம்பு விடுங்கோ என்று கோப்பையை நீட்டினான். அவள் விட்டாள். அந்த நாட்களில் அவன் வீட்டில் சாப்பிடுவதே குறைவு, கதவைச் சாத்திக்கொண்டு படுப்பான், கேட்டால் சீறுவான். அன்றைக்குக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில் அவளுக்குச் சந்தோசம். கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்து பார்த்தாள். மீனை முள்ளெடுத்து, புட்டோடு பிசைந்து, வடிவாய்ச் சாப்பிட்டான். அதன்பிறகுதான் பொலிஸ் வந்தது. சட்டத்தரணி அவளிடம் எத்தனையோ கேட்டார், எத்தனை மணிக்கு வந்தவன், என்ன உடுப்பு, என்ன சொன்னவன். சாப்பிட்டவனா என்று ஆரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவேண்டும். பிள்ளை பசித்து வந்தால் சாப்பிடுவான். ஆனால் அவளுக்கு அந்தக் கத்தியைவிட, அந்த இரண்டு காயத்தைவிட, முள்ளெடுத்ததுதான் தொண்டைக்குள் நின்றது. அவ்வளவு நிதானமாய் ஒரு முள்ளை எடுத்துக் கோப்பையின் ஓரத்தில் வைக்க முடிந்தது. அல்லது, இதையும் அவள் ஆயிரம்தரம் நினைத்திருக்கிறாள், அவனுக்கு அப்போது ஒன்றுமே தெரியவில்லை, உடம்பு தன்பாட்டில் செய்துகொண்டிருந்தது, ஊரில் ஆமியிடம் அடிவாங்கிய அவளுடைய தமையன் வீட்டுக்கு வந்து எல்லாச் சட்டைகளையும் மடித்து வைத்ததுபோல. எது என்று அவளுக்குத் தெரியாது. அவனைப் பார்த்தால் தெரியலாம். அதுதான் பயம். பயம் அவன் ஏதாவது செய்துவிடுவான் என்பதல்ல. ஷேவர் வாங்கியதற்குக்கூட அது காரணமல்ல, அல்லது கொஞ்சம் காரணம். இன்றைக்கு அவன் மேசையில் இருந்து சாப்பிடும்போது அவள் முன்னால் இருந்து பார்க்க வேண்டும். குணரத்தினம் காலையில் வெளிக்கிடும்போது, "புட்டும் மீனும் வையும் நகுலா, அவனுக்கு விருப்பம்," என்றுவிட்டுப் போனார். அவள் தலையாட்டினாள். இடியப்பமும் சொதியும் வைத்தாள். மீன் குளிர்ப்பெட்டியில் உறைந்து கிடக்கிறது.

ஒரு அணில் வேலியில் ஓடிவந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பியது. அவள் கையை வீசினாள். அணில் கிழங்கைத் தொடாது, ஆனால் முயல் தண்டைக் கடிக்கும். ஒருமுறை கடித்தது. முந்திய வருசம்வரை ஒற்றை இலையாய் நின்ற பெரிய செடி, முதல் சட்டியில் வந்தது, அந்த வருசம்தான் முதல்தரமாய் மூன்று இலை விட்டிருந்தது. விடியப் போய்ப் பார்த்தால் தண்டு மட்டும், சாய்வாய் வெட்டினதுபோல. இந்தச் செடிக்கு வருசத்துக்கு ஒரே ஒரு தண்டுதான். போனால் அந்த வருசம் போனது. கிழங்குக்குள் சேர்த்து வைத்ததைத் தின்றுகொண்டு கிடந்து, அடுத்த இளவேனிலில் சின்னதாய், பின்னுக்குப் போய், எழும்ப வேண்டும். அதே மாதம் பரோல் சபை துவாரகனின் விண்ணப்பத்தை மறுத்தது. உள்ளே ஏதோ கைகலப்பாம். குணரத்தினம் கராஜுக்குள் போய்க் காரின் கதவைச் சாத்திக்கொண்டு இருந்து அழுதார். அவள் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள், முதுகைத் தடவினாள், கடவுள் இருக்கிறார் என்றாள், எல்லாம் செய்தாள். அன்றைக்கு அவள் நித்திரை கொண்டாள். பல வருசத்துக்குப் பிறகு, கனவில்லாத, கல்லுப்போன்ற நித்திரை. எழும்பியபோது உடம்பு லேசாய் இருந்தது. ஏன் லேசாய் இருக்கிறது என்று விளங்கியதும் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பெற்ற பிள்ளை. வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. இன்னும் கொஞ்சக் காலம் அங்கேயே இருக்கட்டும் என்று உடம்பு அவளைக் கேட்காமல் நினைத்துவிட்டது. முயலுக்கு எதிராய்க் கம்பிவலை போடவேண்டும் என்று குணரத்தினம் சொன்னார். அவள் போடுகிறேன் என்றாள். அந்த வருசம் போடவில்லை. அடுத்த வருசம்தான் போட்டாள்.

சுகிர்தம் கம்பிவலையைப் பற்றி ஒன்றும் அறியமாட்டாள். ஏன் இப்போது சுகிர்தம். எப்போதும் சுகிர்தம்தான், எல்லா வழியும் அங்கேதான் போய் முடிகிறது. சஜீபனின் தாய். முன்னம் இருந்த ஸ்காபரோவிலிருந்து இவ்வளவு தூரம் வீடு மாறி வந்ததே சுகிர்தம் கண்ணில் படக்கூடாது என்றுதான், ஆனால் நல்ல ஒடியல் மாவுக்கு அங்கேதான் போகவேண்டும். தமிழ்க் கடையில், காசாளர் வரிசையில், தனக்கு முன்னால் நின்ற மெலிந்த முதுகை அவள் அடையாளம் காணவில்லை. தலை வெள்ளையாயிருந்தது. சாமான்கள் ஓடும் பட்டியில் நகர்ந்தன. பிரித்துக்காட்ட நடுவில் வைக்கிற தடியை அவள் வைக்க மறந்துவிட்டாள், இருவருடையதும் ஒன்றாய்ச் சேர்ந்து போயின, முருங்கைக்காயும் ஒடியல் மாவும் யாருடையதோ ஒரு போத்தல் மோர்மிளகாயும். காசுக்கு நின்ற பிள்ளை தலையைத் தூக்காமல், "ரெண்டுபேரும் ஒண்டோ, அன்ரி?" என்று கேட்டாள். முன்னால் நின்றவள் திரும்பினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இல்லை என்று ஆரும் சொல்லவில்லை. பிள்ளை திரும்பக் கேட்டாள். சுகிர்தம்தான் கையை நீட்டித் தன்னுடைய சாமான்களைப் பிரித்து எடுத்தாள், அவசரமில்லாமல், மோர்மிளகாயைக் கடைசியாய். வெளியே சாமான் வண்டில்கள் நிற்கிற இடத்தில் அவள் காத்து நிற்பாள் என்று நகுலேஸ்வரி நினைக்கவில்லை. நின்றாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நகுலேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு போனாள். "நீங்கள் அவனைப் போய்ப் பாக்கிறனீங்களோ?" என்று கேட்டாள் சுகிர்தம். "ஓம்." "எப்பிடி, அடிக்கடியோ?" "மாதத்துக்கு ஒருக்கா." சுகிர்தம் தலையாட்டினாள், மருந்து எத்தனை வேளை என்று கேட்டு அறிந்துகொள்பவள்போல. "நானும் மாதத்துக்கு ஒருக்காத்தான் போறனான்," என்றாள். "அந்தக் கடைக்குப் பின்பக்கம். நிலம் கழுவிப்போட்டினம். ஆனாலும் எனக்கு இடம் தெரியும்." அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு பேருந்துத் தரிப்புக்குப் போனாள். நகுலேஸ்வரி வாயைத் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள். ஒரு சொல் இருக்கிறதா அதற்கு. மன்னிப்பு என்பது கடையில் இடித்துவிட்டால் சொல்வது. இப்போதும், இந்த இலைக்கும் மண்ணுக்கும் முன்னால், வாயைத் திறந்து பார்த்தாள். குளிர்காற்று உள்ளே போனது.

மாதத்துக்கு ஒருக்கா என்று சொன்னது பொய்யல்ல. போனாள். மேசை, பிளாஸ்ரிக் கதிரை, மூலையில் காசுபோட்டுத் தின்பண்டம் எடுக்கிற இயந்திரம். அவன் உருளைக்கிழங்குப் பொரியல் கேட்பான், வாங்கிக் கொடுப்பாள், அவன் தின்னும்போது சுவரைப் பார்ப்பாள். தகப்பனும் மகனும் பாஸ்கற்போல் விளையாட்டைப் பற்றிக் கதைப்பார்கள். ஒருதரம் குணரத்தினம் கழிவறைக்குப் போன நேரம், துவாரகன் பைக்கற்றைத் தள்ளி வைத்துவிட்டு, "அம்மா, அண்டைக்கு நான்..." என்று தொடங்கினான். அவனுடைய குரல் சின்னப்பிள்ளைக் குரலாய் மாறியிருந்தது. "தண்ணி வேணுமோ தம்பி?" என்று அவள் எழும்பினாள். தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அவன் பைக்கற்றை நான்காய் மடித்துக்கொண்டிருந்தான். அதற்குப்பிறகு அவன் தொடங்கவில்லை. அண்டைக்கு நான். அந்த வசனம் எத்தனையோ விதமாய் முடியலாம், அவள் எல்லா விதத்திலும் முடித்துப் பார்த்திருக்கிறாள், வேலையில் சீலைகளை மடிக்கும்போது, பேருந்தில், பல்துலக்கும்போது. அண்டைக்கு நான் பயந்துபோனன். அண்டைக்கு நான் வேணுமெண்டுதான். அண்டைக்கு நான் சாப்பிட்டிருக்கக்கூடாது. இனி அவன் ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பான். தண்ணீர் எடுக்கப் போவதற்குத் தூரம் இல்லை.

கடைசி இலையைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தபோது பெரிய செடி முன்னால் நின்றது, மரத்தின் இரண்டு வேருக்கு நடுவில். முயல் கடித்துப் பின்னுக்குப் போனது, பிறகு வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமாய்த் தடித்து வந்தது. மூன்று இலையும் உள்ளங்கை அளவு. நடுவில், சின்னக் கழுத்தில், தலையைச் சாய்த்துக்கொண்டு, மொட்டு. பச்சைப் புறவிதழ் மூடியிருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் விலகி உள்ளே வெள்ளை. நேற்று இது இல்லை. அல்லது நேற்று அவள் பார்க்கவில்லை. இத்தனை வருசம் இதைக் காண்பதற்குத்தானே என்று நினைத்துக்கொண்டு சந்தோசம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. விலகிய ஓரத்தை இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தாள். வந்துவிட்டதா. இதுவும் வந்துவிட்டதா. நாளைக்கோ மறுநாளோ விரிந்துவிடும், எல்லோரும் பார்க்கும்படி வெள்ளை வெளேரென்று, வேலைக்குப் போய் வந்த குணரத்தினம் பார்ப்பார், தம்பி வந்த ராசி என்பார். இதை முறித்தால் இலையும் சேர்ந்து முறியும், இலை போனால் கிழங்கு பட்டினி கிடக்கும், திரும்பவும் பின்னுக்குப் போகும். ஒரு வருசம். இரண்டு வருசம். அவள் பெருவிரலும் சுட்டுவிரலும் தண்டில் இருந்தன. எப்போது வைத்தாள். தண்டு ஈரமாய், உயிருள்ளதாய், மிக மெல்லியதாய் இருந்தது. ஒரு குழந்தையின் விரலைப் பிடித்திருப்பதுபோல இல்லை, அப்படி நினைக்கக்கூடாது, தண்டுபோலத்தான் இருந்தது. நகத்தை அழுத்தினால் ஒரு சத்தம்கூட வராது. கம்பிவலையை இந்த வருசம் இன்னும் சுற்றவில்லை, முயல் என்று சொல்லலாம். ஆரும் கேட்கப்போவதில்லை. செடியை முறித்தால் அவன் திரும்பிப் போய்விடுவானா, பைத்தியமா உனக்கு, கார் வந்துகொண்டிருக்கிறது, அவன் பின் இருக்கையில் இருக்கிறான், முப்பது வயதை நெருங்குகிற ஒரு ஆம்பிளை, முன்பற்களில் ஒன்று இல்லை, அவனுக்குப் புது வீட்டில் குளியலறை எங்கே என்று தெரியாது, சொல்லிக் கொடுக்க வேண்டும். சுடுதண்ணீர்க் குழாய் இடப்பக்கம். விரல் தண்டிலேயே இருந்தது. இதுதானா அது என்று நினைத்தாள். இப்படித்தானா. கை முதலில் போய்விடுகிறது, பிறகுதான் ஆள் வந்து பார்க்கிறாள்.

கராஜ் கதவு ஏறுகிற சத்தம் கேட்டது. கையை எடுத்துவிட்டாள். கார்க் கதவு ஒன்று சாத்துப்பட்டது. மற்றது சாத்துப்பட நேரமெடுத்தது. எழும்ப வேண்டும், முன்வாசலுக்குப் போகவேண்டும், கை கழுவ வேண்டும். முதலில் சொல்லவேண்டிய வசனத்தைக் கிழமைக்கணக்காய்த் தயார் பண்ணி வைத்திருந்தாள்: வா தம்பி, களைச்சுப் போனாய், முகத்தைக் கழுவிப்போட்டு வா. அதில் ஒன்றும் இல்லை, அதனால்தான் நல்ல வசனம். வாசலில் நின்று அதைச் சொல்லிவிட்டால் மிச்சம் தன்பாட்டில் நடக்கும். முழங்கால் விறைத்துப் போயிருந்தது. வீட்டின் பக்கவாட்டில், சல்லிக்கல் ஒழுங்கையில், காலடி கேட்டது. குணரத்தினத்தின் காலடி அல்ல. அவர் சொல்லியிருப்பார், அம்மா பின்னுக்குத்தான் நிப்பா, போ என்று. படலையின் கொளுக்கியைத் தொட்டுவிட்டு அந்தக் காலடி நின்றது. ஆரோ வந்து திறப்பதற்காக நிற்பதுபோல. பிறகு படலை மெதுவாய்த் திறந்தது.

துவாரகன் உள்ளே வந்தான். கையில் ஒரு காகிதப் பை. மெல்லிய சாம்பல் நிறச் சட்டை, மேற்சட்டை இல்லை. வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் வந்ததால் கண் தெரியாமல் ஒரு கணம் தடுமாறி, அவள் இருந்த பக்கம் நேரே நடந்து வந்தான். அவனுடைய முகத்தைப் பார்க்கவேண்டும் என்று இருந்தவள் காலைப் பார்த்தாள். சப்பாத்துக்கால் இலை நீக்கிய மண்ணுக்கு வந்துவிட்டது, ஒற்றை இலைப் பிள்ளைச் செடிகளுக்கு மேலே.

"மிதியாதை," என்றாள்.

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாய் வந்தது. அவன் உடனே நின்றான். தூக்கிய காலை அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோய் வைத்தான். காகிதப் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, உள்ளங்கை தெரிய, விரல்களை விரித்து, சோதனைக்கு நிற்பதுபோலப் பிடித்தான். அவனுக்கே தெரியாமல் அதைச் செய்தான். அவள் இப்போது முகத்தைப் பார்த்தாள். அதில் அவள் பயந்த ஒன்றும் இல்லை. அவள் தேடிய ஒன்றும் இல்லை. கூப்பிட்ட ஆளின் அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கிற முகம்.

"சொரி அம்மா," என்றான். "நான் காணேல்லை."

"இல்லை தம்பி. அது... சின்னச் செடியள். முளைச்சுக்கொண்டு வருகுது."

"ஓம்." அவன் கீழே பார்த்தான். செடிகளுக்கும் களைக்கும் இலைக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பது தெரிந்தது. வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான், வேலியைப் பார்த்தான். காலை அசைக்கவில்லை.

"நான் எங்கை நிக்கட்டும்?" என்று கேட்டான்.

பகிடி இல்லை. கோபமும் இல்லை. அவளுக்கு அந்தக் கேள்வி விளங்க நேரமெடுத்தது. விளங்கிய பிறகு, அந்த வளவு முழுக்க அவனை நிற்கச் சொல்வதற்கு ஒரு இடத்தைத் தேடினாள். மரத்தடி, வேலியோரம், குழாயடி. இஞ்சை வா, எனக்குப் பக்கத்திலை வா என்று சொல்லவேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் இடமும் இருந்தது, விரிப்பின் மற்றப் பாதி.

"உதிலை," என்று குழாயடிச் சீமெந்துக் கல்லைக் காட்டினாள். "உதிலை நில்லு. நான் எழும்பி வாறன்."

அவன் போய் அந்தக் கல்லில் நின்றான், இரண்டு காலும் அதன் விளிம்புக்கு உள்ளே இருக்கும்படி. குணரத்தினம் பின்கதவைத் திறந்து தலையை நீட்டி, "ஏன்ரா உதிலை நிக்கிறாய், உள்ளுக்கை வாவன்," என்றார். துவாரகன் தகப்பனைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். அவள் ஒரு கையை மண்ணில் ஊன்றி எழும்பப் பார்த்தாள், முழங்கால் கேட்கவில்லை. நிழலில் காற்று எழும்பியது. அந்த மெல்லிய சட்டைக்குள் அவனுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும், கையில் மயிர் குத்திட்டு நின்றது இங்கேயிருந்தே தெரிந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. அவள் சொல்லும்வரை அங்கேயே நிற்பான்.